டிராலி தள்ளிய இன்ஸ்பெக்டர்

முதல் நாள்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ரயில் பாதையில் நான் பல நூறு தடவை ஓடியிருக்கிறேன். ரயிலில் போனதைச் சொல்லவில்லை. தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு ஓடியதைச் சொல்கிறேன். என் பெயர் தனபால். அறுபதுகளில் டிராலிமேனாக இருந்தேன்.

இப்போது ரயில்வே வேலைக்கு வரும் பிள்ளைகள் தள்ளு டிராலியைப் பார்த்திருக்க மாட்டார்கள். நாலு இரும்புச் சக்கரம், மேலே பலகை, அதில் ஒரு பிரம்பு இருக்கை, வெயிலுக்கு ஒரு குடை. பாதையைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் அதில் உட்கார்ந்து வருவார். டிராலிமேன்கள் நாலு பேர். இரண்டு பேர் ஆளுக்கொரு தண்டவாளத்தின் மேல் ஓடித் தள்ளுவோம். வண்டி வேகம் பிடித்ததும் பின்னால் தாவி ஏறிக்கொள்வோம். வேகம் குறைந்ததும் அடுத்த இரண்டு பேர் இறங்கி ஓடுவார்கள். ரயில் வந்தால் நாலு பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்கிப் பாதைக்கு வெளியே வைக்க வேண்டும்.

எனக்கு அப்போது முப்பது வயது. அதுவரை ஒரு அரிசி மில்லில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்வாம்பாளின் தம்பி கலியமூர்த்தி ஏற்கெனவே டிராலியில் இருந்தான். அவன் சொல்லித்தான் வேலைக்கு வந்தேன். முதல் நாள் அடுத்த ஸ்டேஷனான ஆலப்பாக்கம் போவதற்குள் ஏழு முறை விழுந்தேன். முழங்கால் இரண்டும் கிழிந்துவிட்டது.

"காலப் பாக்காத மாமா" என்றான் கலியமூர்த்தி. "தூரத்துல பாரு. கால் அது பாட்டுக்குப் போவும்."

ஒரு மாதத்தில் கால் அது பாட்டுக்குப் போனது. மில்லில் இருந்தபோது வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது எரிந்து விழுவேன். டிராலிக்கு வந்த பிறகு உடம்பு களைத்திருந்தது, வாய் சாந்தமாகிவிட்டது. செல்வாம்பாள்தான் அதை முதலில் கவனித்துச் சொன்னாள்.

புது இன்ஸ்பெக்டர்

அடுத்த வருடம் சதாசிவம் ஐயா எங்களுக்கு இன்ஸ்பெக்டராக வந்தார். திருச்சியில் வரைபட ஆபீசில் பல வருடம் உட்கார்ந்து வேலை பார்த்தவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தைத் திருச்சியில் விட்டுவிட்டு, கடலூர் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். நல்ல கனமான சரீரம். டிராலியில் ஏற வேண்டுமென்றால் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எதிலும் அவருக்கு நிறைவு கிடையாது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஜல்லி சரியில்லை, கட்டை சரியில்லை, காபி சரியில்லை. பாதையில் வேலை செய்யும் கேங்மேன்கள் குடையைத் தூரத்தில் பார்த்தாலே பேச்சை நிறுத்திவிடுவார்கள். சில நாள் சிதம்பரம் வரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வருவார்.

ஒரு தடவை புதுச்சத்திரத்தில் டீ வாங்கிக் கொடுத்தபோது நான் துணிந்து கேட்டேன். "ஒடம்புக்கு முடியலைங்களா ஐயா?"

"தூக்கமே வரலப்பா" என்றார். "காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கு. ஒண்ணுலயும் மனசு போகல."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

வெள்ளாற்றுப் பாலம்

அது மார்கழி மாதம். பனி நன்றாக இறங்கியிருந்தது. பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தோம். நானும் கலியமூர்த்தியும் தள்ளினோம். மற்ற இரண்டு பேர் புதுச்சத்திரத்துக்காரர்கள், அண்ணன் தம்பி. அவர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

பாலத்தில் தரை கிடையாது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கீழே தண்ணீர் தெரியும். இடையிடையே தூணையொட்டிப் பக்கவாட்டில் ஒரு சின்ன மேடை நீட்டிக்கொண்டிருக்கும். ரயில் வந்தால் டிராலியோடு ஒதுங்குவதற்கு அது.

பாலத்தின் நடுவில் கலியமூர்த்தி சட்டென்று குனிந்து தண்டவாளத்தில் கை வைத்தான்.

"மாமா, அதிருது."

எதிரே கிள்ளை ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஒரு கூட்ஸ் வந்துகொண்டிருந்தது. நாங்கள் ஸ்டேஷனில் ரயில் ஏதும் வருகிறதா என்று கேட்டு வந்த பிறகு கிளம்பிய வண்டி அது. டிராலிக்காரன் எப்போதும் தானே கண்ணும் காதுமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அன்று பனியில் கண் உதவவில்லை. அடுத்த மேடை முப்பது கஜம் முன்னால் இருந்தது, அதாவது ரயில் வரும் திசையில். அண்ணன்காரர் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு கட்டைகள் மேல் தாவி முன்னால் ஓடினார். மற்றவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டோம்.

"எறங்குங்க ஐயா" என்றேன்.

அவர் இறங்கக் காலை நீட்டினார். கீழே தண்ணீரைப் பார்த்துவிட்டுக் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டார். கூப்பிட்டோம், அசையவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வாங்கியது. என்ஜின் ஊதும் சத்தம் கேட்டது. நானும் கலியமூர்த்தியும் அவர் அக்குளில் கை கொடுத்து அப்படியே இழுத்து மேடையில் கிடத்தினோம். பிறகு மூன்று பேருமாக டிராலியைத் தூக்கினோம். ஒரு சக்கரம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. மறுபடி தூக்கினோம். வந்துவிட்டது.

கொடியைப் பார்த்து டிரைவர் பிரேக் போட்டிருந்தார். கூட்ஸ் ஊர்ந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. என்ஜின் சூடு முகத்தில் அடித்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார். மேடையில் மல்லாந்து கிடந்த இன்ஸ்பெக்டரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்யா, நீங்க டிராலிய தூக்குற ஆளுங்களா, ஆள தூக்குற ஆளுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

அந்த வார்த்தை ஒரே வாரத்தில் கடலூர் வரை பரவிவிட்டது.

ஒரு பர்லாங்

ஐயா எங்கள் மேல்தான் கோபப்படுவார் என்று பயந்தோம். அவர் கோபப்படவில்லை. நாலாம் நாள் ஆலப்பாக்கம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னார். தானே மெதுவாக இறங்கினார்.

"நீங்க பின்னால வாங்க. நான் கொஞ்சம் நடக்குறேன்."

ஒரு பர்லாங் நடந்தார், கால் மைலில் பாதி. பிறகு ஜல்லி மேல் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. நாங்கள் பத்தடி பின்னால் வண்டியோடு நின்றோம். கலியமூர்த்தி முகத்தைச் சவுக்குத் தோப்புப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "அன்னிக்கு என்னால உங்க நாலு பேரு உயிரும் போயிருக்கும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

"இருக்கு" என்றார்.

மறுநாளும் நடந்தார். தை முடிவதற்குள் ஒரு மைல் நடந்தார். நடந்து பார்த்ததால் வேலையும் மாறியது. உட்கார்ந்தபடி குறை சொன்னவர், இப்போது கேங்மேன்கள் பக்கத்தில் நின்று, எந்தக் கட்டை ஆடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். மாசி மாதம் ஒரு நாள், "நான் ஒரு கை வைக்கட்டுமா?" என்று டிராலியைத் தள்ள வந்தார். தண்டவாளத்தில் ஏறி நாலடி ஓடினார். பொத்தென்று விழுந்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் எழுந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"காலப் பாக்காதீங்க ஐயா" என்றான் கலியமூர்த்தி. "தூரத்துல பாருங்க."

சித்திரைக்குள் நன்றாகவே ஓடினார். சரீரம் பெரிதாக இளைத்துவிடவில்லை. ஆனால் டிராலியில் யாரும் கை கொடுக்காமல் ஏறினார். "நேத்து படுத்ததுதான் தெரியும். கோழி கூவித்தான் எந்திரிச்சேன்" என்று ஒரு காலையில் எங்களிடம் வந்து, ஏதோ பதவி உயர்வு கிடைத்தவர்போலச் சொன்னார்.

மெமோ

ஒரு நாள் என் உள்ளங்காலில் கருவேல முள் ஏறிவிட்டது. ஐயா என்னை அவருடைய இருக்கையில் உட்காரச் சொன்னார். நான் மறுத்தேன். "ஏறுய்யா, வெயில் ஏறுது" என்று அதட்டினார். நான் குடைக்குக் கீழே கூசிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவரும் கலியமூர்த்தியும் தள்ளினார்கள். புதுச்சத்திரம் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது அங்கே நின்றிருந்த பாசஞ்சரின் ஜன்னலிலிருந்து பெரிய ஆபீசர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டார்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு வேலை போய்விடும் என்றே எல்லோரும் சொன்னார்கள். செல்வாம்பாள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆபீசர் மேசைக்கு முன்னால் நானும் ஐயாவும் நின்றோம்.

"இன்ஸ்பெக்டர் சீட்ல உக்கார உனக்கு யாருய்யா தைரியம் குடுத்தது?" என்று ஆபீசர் என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் ஐயா சொன்னார்: "நான்தான் சார். அவன் கால்ல முள்ளு. மாட்டேன்னுதான் சொன்னான், என் உத்தரவுலதான் உக்காந்தான். எழுதணும்னா என் பேர்ல எழுதுங்க."

அவர் பேரில்தான் எழுதினார்கள். எச்சரிக்கை மெமோ வந்தது. எங்களுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "போன வருஷம் இது வந்திருந்தா ஒரு மாசம் தூங்கியிருக்க மாட்டேன்" என்றார். "இப்ப பசிக்குது. வாங்க, சாப்புடப் போவோம்."

நான்கு வீதி

அந்த ஐப்பசியில் கிள்ளை அருகே மழையில் டிராலியைத் தூக்கும்போது என் கை வழுக்கியது. சக்கரம் முழங்காலுக்குக் கீழே காலின் மேல் விழுந்து எலும்பு முறிந்தது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கீழ வீதியையொட்டிய சந்தில் மாமியார் வீட்டில் மூன்று மாதம் படுக்கை.

கட்டைப் பிரித்தபோது கால் குச்சியாக இளைத்திருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் நடக்கவில்லை. வலி ஒரு காரணம். எப்படியும் ரயில்வே மெடிக்கல் பரிசோதனையில் என்னைத் தகுதியில்லை என்று தள்ளிவிடுவார்கள், பிறகு எதற்கு நடக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். பகலெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். சோறு கொண்டுவந்தால் செல்வாம்பாளைத் திட்டினேன். அவள் தம்பி வந்தால் தூங்குவதுபோல் கிடந்தேன். அவள்தான் கலியமூர்த்தியிடம், "ஒங்க ஐயாகிட்ட சொல்லுடா, நாம யாரு சொன்னாலும் இவுரு கேக்கல" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பாசஞ்சரில் ஐயா வந்தார். கையில் ஒரு கம்பு, சுத்தியலுக்குப் பிடி போட வைத்திருந்தது.

"எந்திரி."

"முடியலைங்க ஐயா."

"எனக்குந்தான் முடியல. ஆலப்பாக்கத்துல ஜல்லி மேல உக்காந்தனே, பாத்தியா?"

"பாத்தேங்க."

"சிரிச்சியா?"

"இல்லைங்க."

"நானும் சிரிக்க மாட்டேன். எந்திரி."

கம்பை ஊன்றிச் சந்து முனை வரை நடந்தேன். வலியில் கண் இருட்டியது. அவர் பக்கத்தில் நடந்தார். என்னைப் பிடிக்கவும் இல்லை, விட்டு விலகவும் இல்லை. அன்று மத்தியானம் பல நாளுக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

அடுத்த ஞாயிறும் வந்தார். நடு நாட்களில் செல்வாம்பாள் கூட நடந்தாள். மூன்றாவது ஞாயிறு கீழ வீதி முழுவதும் போனேன். நாலாவது ஞாயிறு தெற்கு வீதி வரை போய்த் திரும்பினேன். ஆறாவது ஞாயிறு கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதியையும் சுற்றினோம். மேல வீதியில் பூ விற்கும் அம்மாளைப் பார்த்ததும் நின்று இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். மாதக்கணக்கில் செல்வாம்பாளைத் திட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஐயா பார்க்காததுபோல் முன்னால் போய் நின்றுகொண்டார்.

வைகாசியில் மெடிக்கல் பாஸ் ஆகி வேலைக்குத் திரும்பினேன். என் இடத்தில் வேறு யாரோ இருப்பார், எனக்கு ஏதாவது லெவல் கிராசிங் கேட்டில் வேலை கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். டிராலி பக்கத்தில் அண்ணன் தம்பியும் கலியமூர்த்தியும் மட்டும் நின்றார்கள்.

"நாலாவது ஆள் யாரு மச்சான்?" என்று கேட்டேன்.

"யாரையும் போடல மாமா" என்றான். "ஆள் கேட்டு எழுதவான்னு ஆபீஸ்ல கேட்டாங்க. ஐயா, தனபால் வருவான்னு சொல்லிட்டாரு. நீ வர்ற வரைக்கும் ஒன் பக்கத்து தண்டவாளத்துல ஐயாதான் ஓடுனாரு. அதுக்கு ரெண்டாவது மெமோவும் வந்துச்சி."

இளையவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். உடம்பு நன்றாக இருந்தால்தான் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். நோயோடு இருந்தும் முகம் மலர்ந்து இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மனம் இருண்டு கிடக்கும்போது அதனோடு வாதம் செய்து ஜெயிக்க என்னால் முடியவில்லை, ஐயாவாலும் முடியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் காலைத் தரையில் ஊன்றிய பிறகுதான் வழி தெரிந்தது. அதையும் நாங்கள் தனியாகச் செய்யவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் யாராவது உங்கள் பக்கத்தில் ஒரு பர்லாங் நடந்து உட்கார்ந்தால், சிரிக்காமல் நில்லுங்கள்.

அன்று காலை ஐயா குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து வந்தார். என் காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு டிராலியில் ஏறிக் குடையை விரித்துக்கொண்டு, "தள்ளுங்கப்பா" என்றார். நான் என் தண்டவாளத்தில் ஏறினேன்.