பைன் மேசையும் மூன்று பொட்டுகளும்

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய என் மனைவிக்கு வீட்டில் சொந்தமாக ஒரு மேசை இருந்ததில்லை. பரீட்சைத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்துவாள். நாங்கள் தட்டோடு வந்து நின்றால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கட்டிலுக்குப் போய்விடுவாள். போன வருடம் அவள் ஓய்வு பெற்றதும், "உனக்கு என் கையாலேயே ஒரு மேசை செஞ்சு தரேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். நான் வங்கியில் பேனா பிடித்தவன். சுத்தியலைத் தொட்டது காலண்டர் மாட்டத்தான்.

கிண்டியில், இயந்திரங்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளைப் பிரித்து விற்கும் கடை ஒன்றில் பைன் பலகை வாங்கினேன். மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் இரண்டு வாரம் அறுத்தும் இழைத்தும் ஒரு மேசையை நிறுத்திவிட்டேன். சத்தியமாக, ஆடவே இல்லை. அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். புதிதாக எது வீட்டுக்கு வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டாள்; வாஷிங் மெஷினுக்கே வைத்தவள். மஞ்சளைக் குழைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து, மேசையின் முன்விளிம்பில் மூன்று பொட்டு இட்டாள்.

மறுநாள் தேக்கு நிறச் சாயம் பூசினேன். அடக் கடவுளே! மேசை முழுக்கத் தேமல் வந்த மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. விடுவேனா? இன்னொரு கோட்டு அடித்தேன். கறுத்த இடம் இன்னும் கறுத்தது. வெளுத்த இடம் அசைந்து கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பச்சை மரத்துல ஈரப் பொட்டை வச்சுக் காரியத்தையே கெடுத்துட்டியே! உன் கை பட்டா எதாவது உருப்படுமா?" என்று கத்தினேன்.

"எனக்கு மேசையே வேணாம், விடுங்க" என்று கீழே இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் சாம்பார் உண்டு, ரசம் உண்டு, பேச்சு மட்டும் இல்லை.

நான்காம் நாள், மேல்வீட்டுக் கதவுக்கு பாலிஷ் போட வந்திருந்த பாயைக் கையோடு மாடிக்கு இழுத்து வந்தேன். முப்பது வயதிருக்கும். மேசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஹோலி விளையாடினீங்களா?"

"எல்லாம் எங்க வீட்டம்மா வச்ச பொட்டு, பாய்."

துணி உலர்த்த வந்த அவளும் கொடிக்குப் பக்கத்தில் நின்றாள். பாய் குனிந்து ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். "அம்மா வச்சது மூணு கீது. மீதி முப்பது பொட்டு யார் வச்சது சார்?"

அவள் ஈரத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பைன் ஒரே மாதிரி குடிக்காது சார். மெத்துனு கீற இடம் மடமடன்னு குடிச்சிரும், கெட்டியான இடம் வாயே தொறக்காது. கலருக்கு முன்னாடி அதோட தாகத்தை அடக்கணும்."

பழைய சாயத்தை உப்புத்தாளால் தேய்த்தோம். அதாவது, நான் தேய்த்தேன், அவர் குறை சொன்னார். தோள்பட்டை கழன்றே விட்டது. முன்விளிம்புக்கு வந்ததும் பாய் என் கையைத் தடுத்து, "அம்மா, பொட்டு மேல தேய்க்கலாமா?" என்று கேட்டார்.

"தேய்ங்க பாய். பாலிஷ் காஞ்சதும் மறுபடி வச்சுக்கறேன்."

அரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஒரு கை பூசினார். காயவிட்டு, லேசாகத் தேய்த்து, அப்புறம்தான் சாயத்தைத் துணியில் தொட்டு இழுத்தார். இந்த மூலை முதல் அந்த மூலை வரை ஒரே நிறம். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மேசையை ஜன்னலோரம் போட்டோம். அவள் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அகல விரித்துப் பலகைமேல் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கைகளை எடுக்கவே இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அந்த முப்பதும் நான் பண்ணினதுதான். உன்னைப் போய்த் திட்டினேன்" என்றேன்.

"தெரியும். சாய டப்பா மேலயே போட்டிருந்ததே, பைனுக்கு முதல்ல அடிப்பூச்சு கொடுக்கணும்னு."

"அடிப்பாவி! அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் மாடிக்கு வந்தேன். வாயைத் திறக்கறதுக்குள்ள காபி கேட்டீங்க. போட்டு எடுத்துட்டு வரதுக்குள்ள பூசி முடிச்சிட்டீங்க."