தொட்டால் சுடாத ஆம்பிளிஃபயர்

சங்கரன்கோவிலில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. கடைக்கு வருகிறவர்களிடம்கூட மோட்டாரைப் பார்த்துத்தான் பேசுவேன். முகம் பார்த்துப் பேச வராது. பொழுதுபோக்காக நான் இறங்கிய அமெச்சூர் ரேடியோவில், புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் எனக்குப் பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணம். பரீட்சை எழுதி உரிமம் வாங்கிய பிறகும் மைக்கைத் தொட்டதில்லை. விரல் தட்டும், காது கேட்கும். வாய்க்கு வேலை இல்லை.

சிவகிரியில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரும் ரேடியோக்காரர்தான். புயல் வெள்ளத்தில் கரண்ட் போனால் செய்தி அனுப்ப முடியுமா என்று பார்ப்பதற்காக, மலையடிவாரத்தில் ஒரு பகல் முழுக்க ஒரே பேட்டரியில் நிலையம் நடத்த எங்கள் கூட்டாளிகள் முடிவு செய்தார்கள். சிக்னலைப் பலமாக்கி அனுப்பும் அண்ணாச்சியின் பழைய ஆம்பிளிஃபயரோ மதியத்துக்குள் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். நீர் ஒன்று செய்து தருவீரா என்று மோர்ஸில் கேட்டார். அதே அலைவரிசையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாயால் என்றால் இழுத்திருப்பேன். விரல் சட்டென்று 'சரி' என்று தட்டிவிட்டது. அத்தனை பேர் காதில் விழுந்த சொல்லை இனி காப்பாற்றியாக வேண்டும்.

நான் செய்ய எடுத்த ஆம்பிளிஃபயரில் மாஸ்ஃபெட் என்கிற ட்ரான்சிஸ்டர் ஒரு கதவு மாதிரி. முழுக்கத் திறக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்கச் சாத்த வேண்டும். பாதி திறந்து நிற்கிற நேரத்தில்தான் கரண்ட் வீணாகிச் சூடாகிறது. அந்த நேரத்தில் நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வது அதற்குப் பின்னால் இருக்கும் காயிலும் கன்டென்சரும். காயில்தானே, என் தொழிலாயிற்றே என்று நினைத்தேன். இரும்புத்தூளால் ஆன ஒரு வளையத்தில் கம்பியை இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றி, மோட்டார் காயிலைப் போலவே வார்னிஷில் முக்கி, வெயிலில் காயவைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு.

வீட்டில் வைத்து ஓடவிட்டதும், மாஸ்ஃபெட்டின் சூட்டை வாங்கும் அலுமினியத் தகடான ஹீட்சிங்க் கொதித்தது. மாஸ்ஃபெட்டை மாற்றினேன். கன்டென்சரை மாற்றினேன். அதே கொதிப்பு. வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இதுல தோசை ஊத்திரலாம் போலுக்கே. நாள் நெருங்கிட்டுல்லா, என்ன செய்யப் போறிய?"

"பாக்கேன்ட்டி."

"பாத்துக்கிட்டே இருங்க. ஆமா, என்ன வார்னிஷ் வாடை அடிக்கி? கடை மோட்டார வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டியளா?"

வீட்டில் மோட்டார் எதுவும் இல்லை. வாடை அந்தக் காயிலிலிருந்து வந்தது. கொதிப்பது மாஸ்ஃபெட் மட்டுமில்லை, காயிலும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. மோட்டாருக்கு வரும் கரண்ட் மெதுவாகத் திசை மாறுவது. ரேடியோவில் அது நொடிக்குள் லட்சக்கணக்கில் மாறும். அந்த வேகத்தில், ஒட்டி உட்கார்ந்த சுற்றுகளும் நடுவே இறங்கிய வார்னிஷும் கரண்டைத் தின்று, ட்யூனிங்கையும் நகர்த்தியிருந்தன. மாஸ்ஃபெட் தப்பான நேரத்தில் திறந்துகொண்டிருந்தது.

புதிதாகச் சுற்றினேன். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட்டேன். வார்னிஷ் டப்பாவைத் திறக்கவே இல்லை. இத்தனை வருஷம் பழகிய கை, கம்பியை நெருக்கித் தள்ளத்தான் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விலக்கி வைத்தேன். ஓடவிட்டு அவளைக் கூப்பிட்டேன். ஹீட்சிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ம்ஹும். தோசை வேகாது," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பே எனக்குப் போதும்போல் இருந்தது.

குறித்த நாளில், சிவகிரி மலையடிவாரத்தில் காலையிலிருந்து அண்ணாச்சி தட்டிக்கொண்டிருந்தார். நான் வேப்பமரத்தடியில் தள்ளி நின்று பேட்டரி மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் கடந்தது. முள் அதிகம் இறங்கவில்லை. வெயில் சாயும்போது அவர் ஓர் அழைப்பை அனுப்பி முடித்து, ஹீட்சிங்கில் கை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"என்ன வே, சூட்டையே காணும்? நின்னு போச்சா?"

அங்கிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் ஸ்பீக்கரில் பதில் வந்துவிட்டது. அந்தமானிலிருந்து ஒருவர். உங்கள் சிக்னல் நல்ல பலமாக இருக்கிறது, என்ன ஆம்பிளிஃபயர் என்று கேட்டுத் தட்டினார்.

"நிக்கல அண்ணாச்சி, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "நாஞ் சுத்துன காயிலுன்னு அவருகிட்டச் சொல்லுங்க."