கழற்றிய கதவு

இட ஒதுக்கீட்டுக்காகச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட வருஷம் அது. சங்கராபுரம் பக்கத்தில் ஓர் ஊராட்சியில் நான் வீட்டுவரி வசூலித்துக்கொண்டிருந்தேன். பாக்கி வைத்தவர்களின் வாசற்கதவைக் கழற்றி ஆபீசில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். பெரிய பாக்கி அரிசி மில்காரருடையது. அவருக்கு வாய்தா கொடுத்து, மோரும் குடித்துவிட்டு, களையெடுக்கப் போகும் அஞ்சலையின் வீட்டுக் கதவைக் கழற்றினேன்.

“கூலி வந்ததும் கட்டிர்றங்க. தெறந்த வூட்ல எப்டிங்க படுக்கறது?” என்று அழுதாள்.

“உன் புருஷன் வந்து எழுதிக் குடுக்கட்டும், தர்றேன்.”

மறியல் வழக்குக்குப் பயந்து அவன் மலைமேல் கரியாலூரில் ஒளிந்து, கூலிவேலை செய்துகொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள், சேதி கேட்டு அவன் மலையிறங்கி வீட்டுக்கு வந்தான். மறுநாள் விடியலில் தெருவுக்குள் போலீஸ் புகுந்தது. மற்ற வீடுகளில் கதவைத் தட்டித் திறக்கவைப்பதற்குள் ஆண்கள் கொல்லைப்பக்கமாக ஓடிவிட்டார்கள். அஞ்சலை வீட்டில் தட்டுவதற்குக் கதவே இல்லை. படுத்திருந்த பாயிலேயே அவனை மிதித்து, இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றே அவள் ஆபீசுக்கு வந்து, புருஷன் மலையிலிருந்து கொண்டுவந்த கூலியில் வரியைக் கட்டினாள். சுவரில் சாய்த்திருந்த கதவைக் காட்டினேன்.

“வாணாங்க. நீங்களே வெச்சிக்கினு இருங்க. இனிமே அங்க பூட்டி வெக்கறதுக்கு இன்னா இருக்குது?”

கட்டாதவர் கதவைக் கழற்றச் சொல்லி எனக்கு உத்தரவு இருந்தது. புருஷன் வரவேண்டும் என்று எந்த உத்தரவிலும் இல்லை. அவளை இன்னும் கொஞ்சம் கெஞ்சவைத்துப் பார்க்க, அதை நானாகச் சேர்த்தேன்.