தறி ஓடும்போது கேட்ட கேள்வி

வீட்டுக்கு வீடு போய் பிரஷர் பார்க்கிற உத்தியோகத்தில் முதலில் ஏறுவது பார்க்கிறவளின் பிரஷர்தான். ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் தறிக்காரத் தெருக்கள் நாலு என் பொறுப்பு. தோளில் பை, பையில் பிரஷர் மிஷின், கையில் கேள்விகளை அடைத்து வைத்த ஒரு போன். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி நலம் விசாரித்தே சம்பளம் வாங்குகிற என் இனத்தாரே, இந்தக் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

சும்மா இருக்கிறவள்

ஏகாம்பரத்துக்கு வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி. அவர் மனைவி தேவகிக்கு வயது நாற்பத்தேழு. போனில் ‘தொழில்’ என்ற இடம் வந்ததும், தேவகி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டேன். “அது வூட்ல சும்மாத்தான் கீது” என்றார் ஏகாம்பரம். சும்மா இருந்த தேவகி அப்போது கையால் தார் சுற்றிக்கொண்டிருந்தாள், அதாவது தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாவுக்குள் போகிற குச்சியில் நூல் ஏற்றிக்கொண்டிருந்தாள். காலால் பேரனின் தூளியை ஆட்டினாள். அடுப்படியில் குக்கர் எத்தனை விசில் விட்டது என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டும் இருந்தாள். போனில் ‘சும்மா’ என்று போட இடமில்லை. ‘இல்லத்தரசி’ என்று போட்டேன். எந்த அரசி இப்படி வேலை செய்கிறாள் என்று தெரியவில்லை.

அவளுக்குப் பிரஷர் பார்த்தால் நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து. என் அத்தை ஒருத்தி, ‘எனக்கு ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஒருநாள் தோசை வார்க்கும்போது ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்தவள். இவளையும் அப்படி விடக்கூடாது, எப்படியாவது மாத்திரை போட வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தேவகிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. “உன் மிஷினு ரிப்பேரும்மா. எங்க வூட்டுக்காரருக்கு வச்சிப் பாரு, கரெக்டா காட்டும்” என்றாள். வைத்தேன். நூற்றிருபதுக்கு எண்பது. தேவகிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா? இப்ப மிஷினு சரியாயிடுச்சி!”

தொண்ணூற்றொன்பது டிகிரி

எதிர்வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். ஓடினேன். கட்டிலில் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். பிச்சாட்டூரிலிருந்து அவர் அக்கா பஸ் பிடித்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. காய்ச்சல் தொண்ணூற்றொன்பது டிகிரி. அதைச் சொன்னதும் “அவ்ளோவா!” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கஞ்சி கொண்டு வந்த அவர் மனைவியின் கை என் மேல் பட்டது. சுட்டது. அவளைப் பிடித்து நிறுத்திப் பார்த்தால் நூற்றிரண்டு. “நீ போய்ப் படும்மா” என்றேன். அவள் அந்த ஒற்றைக் கட்டிலை ஒரு பார்வை பார்த்தாள்.

“அது எழுந்திரிச்சாத்தானே நான் படுக்க முடியும்?”

உழைக்கிறவருக்கு ஆகட்டுமே

மல்லுக்கட்டி ஒரு வழியாகத் தேவகியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டரிடம் காட்டி, ஒரு மாத மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மாதம் முடிந்து போனால் மாத்திரை அட்டை காலி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிரஷர் பார்த்தேன். அதே நூற்றெண்பது. அந்தப் பக்கம் ஏகாம்பரம் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றார். பத்து நாளாகத் தலை சுற்றுகிறதாம். அவருக்குப் பார்த்தால் தொண்ணூறுக்கு அறுபது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “தேவகி, மாத்திரைய யாரு போட்டது?” என்று கேட்டேன். வீட்டில் ஒரு முட்டை வெந்தாலும் அவருக்கு, பாலில் ஆடை விழுந்தாலும் அவருக்கு. மாத்திரை மட்டும் தப்புமா? காலையில் காபியோடு தினம் ஒன்று, அவரும் சத்து மாத்திரை என்று நம்பி மறுபேச்சில்லாமல் விழுங்கியிருக்கிறார். வந்த கோபத்தில் நான் கத்தின கத்தலில் தூளியில் பேரன் எழுந்துவிட்டான். அவரை அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினேன், மாத்திரையை நிறுத்தியதும் சரியானார். தேவகி மட்டும் நிதானமாகத் தார் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“நான் சும்மா கீறவதானே, ஒழைக்கிறவருக்கு ஆவட்டுமேன்னு குடுத்தேன்.”

மனசு எப்படி இருக்கிறது?

அடுத்து போனில் புதிதாக மனநலக் கேள்விகள் வந்தன. ‘மனசு சோர்வாக இருக்கிறதா? அழத் தோன்றுகிறதா?’ ஒவ்வொருவரையும் தனியாக, ரகசியமாகக் கேட்க வேண்டுமாம். பெண்கள் கேள்வியை முடிக்கவே விடவில்லை, மாமியாரில் ஆரம்பித்து மதியம் வரை போனார்கள். ஆண்கள் எல்லாரும் ஒரே வார்த்தை: “ஒண்ணுமில்ல.”

ஏகாம்பரத்தைத் தனியாகப் பிடிக்க ஒரே இடம் ஓடுகிற தறிக்குப் பக்கம்தான். நாலு தறியும் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. கொட்டகைக்குள் எல்லாருக்கும் கைஜாடைதான்: இரண்டு விரல் காட்டினால் டீ, காதைத் தொட்டால் போன் வந்திருக்கிறது. மனசு சரியில்லையா என்று கேட்க மட்டும் ஜாடை கிடையாது. அவர் காதருகே போய்க் கத்தினேன்.

“அழுவத் தோணுதாண்ணா?”

“இன்னா?”

“அழுவுறீங்களான்னு கேக்குறேன்!”

மனுஷன் சுற்றுமுற்றும் பார்த்தார். தேவகி அந்தக் கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தறிச் சத்தத்தில் தைரியம் வந்து, அடித்தொண்டையில் கத்தினார்: “தெனம் பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து வுட்டுக்கினு அழுவுறேம்மா! அவ மாத்திரையே போட மாட்டேங்குறா! அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா...”

அந்த நொடியில் கரண்ட் போனது. அந்தக் கொட்டகை மட்டுமல்ல, தெரு முழுக்க அத்தனை தறியும் கப்பென்று நின்றது. நிறுத்தத் தெரியாமல் அவர் குரல் மட்டும் ஓடியது: “...நான் யாருகிட்டம்மா போயி அழுவேன்!”

எதிர்வீட்டுக் கட்டில்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ஏகாம்பரம் நூல் அறுந்திருக்கிறதா என்று தேடுகிற மாதிரி தறிக்குள் தலையை விட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தேவகி எழுந்து வந்தாள். அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, அதட்டுகிற குரலில் கேட்டாள்.

“அந்த மாத்திரைய துன்றதுக்கு முன்னாடி போடணுமா, துன்னப்புறமா?”

சித்தூர் மீட்டிங்

போன வாரம் தேவகிக்கு நூற்று நாற்பதுக்குக் கீழே வந்துவிட்டது. இப்போதும் அவள் தனக்காகப் போடவில்லையாம், அவர் மனசுக்காகப் போடுகிறாளாம். எதற்காகப் போட்டால் என்ன, உள்ளே போனால் சரி என்று விட்டுவிட்டேன். இதற்குள் எங்கள் தெரு ஆண்களுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. முன்பு “ஒண்ணுமில்ல” என்றவர்கள் எல்லாம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “எனக்கும் அந்தக் கேள்விய கேளும்மா, ஆனா மொதல்ல தறிய ஓட்டிடறேன்” என்கிறார்கள். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

சித்தூரில் மாத மீட்டிங்கில் பெரிய அதிகாரி எங்கள் கணக்கைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, நகரிலோ மகவாள்ளந்தா ஏடுஸ்துன்னாரா?” என்று தெலுங்கில் கேட்டார். நகரி ஆம்பளைகள் எல்லாருமா அழுகிறார்கள், போன மாதம்வரை ஒருத்தரும் அழவில்லையே என்று அவருக்குச் சந்தேகம். நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன்.

“கரண்ட்டு போயிந்தி சார்.”

ஆக, எங்கள் தெருவில் பெண்ணுக்குப் பிரஷர் இறங்க வேண்டுமானால் அவள் புருஷன் அழ வேண்டும், அவன் அழ வேண்டுமானால் தறி ஓட வேண்டும், அவன் அழுவது அவள் காதில் விழ வேண்டுமானால் கரண்ட் போக வேண்டும்.