இடப்பக்கத்துக் குழாய்

எங்கள் பேத்தி கைபட்டால் இரும்புத் தூணும் இரண்டாகும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்; இதுவரை போனது பீங்கானும் கண்ணாடியும் ஒரு கதவுக் கைப்பிடியும்தான். வீட்டில் அவளுக்கு ‘அவசரம்’ என்றே பெயர். மருத்துவம் படிக்கக் கிளம்பியபோது, “இவ கையிலயா கத்தியக் குடுக்கப் போறாங்க?” என்று பெற்ற அப்பனே கேட்டான்.

அன்று உடற்கூறு அறையில் நெஞ்சுப் பாடத்துக்குத் தேர்வு. மேசைமேல், தன் உடலை மாணவர்களுக்கென்று எழுதிவைத்துப் போன ஒரு பெரியவர். மார்புக்கூட்டின் முன்பாகம் தனியாக எடுக்கப்பட்டு, தட்டில் குப்புறக் கிடந்தது. நெஞ்செலும்பின் இருபுறமும் உள்பக்கமாக இறங்கும் இரண்டு ரத்தக் குழாய்களைப் பிரித்துக் காட்ட வேண்டும்; ஒரு மேசையில் நிற்கும் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். கைக்கணினியில் இருக்கும் உடற்கூறுப் படத்தில் அவள் அதைத் தூக்கத்தில்கூடக் காட்டுவாள். அங்கே அவை செக்கச்செவேலென்று மின்னும். இங்கே எல்லாமே பழுப்பு. வலது குழாய் சமர்த்தாக இடுக்கி முனைக்கு வந்தது. இடதைக் காணோம்.

கொழுப்பைக் கிளறினாள். தசையை விலக்கினாள். கையுறைக்குள் விரல்கள் நசநசத்தன.

“வெட்டிட்டியாடி?” என்றாள் எதிரில் நின்ற தோழி.

“வெட்டியிருப்பேன். நான் வேற என்னத்தப் பண்ணுவேன்?”

மதிப்பெண் போனால் போகட்டும். யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்குத் தன்னையே கொடுத்த மனிதர். அவரையும் பீங்கான் கணக்காக உடைத்துவிட்டோமே என்று நொந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியை வந்தார். பெரியவரின் உடலுக்கு முன்பே எடுத்திருந்த ஸ்கேனைப் பெரிய திரையில் போட்டார். நெஞ்செலும்பில், பழைய அறுவைக்குப் பின் அதைச் சேர்த்துக் கட்டிய கம்பி முடிச்சுகள் பளிச்சிட்டன. கழுகுக் கண்ணுள்ள நம் அவசரம் ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள்: இடது குழாய் இதயத்தின்மேல் கிடந்தது. எப்போதோ அடைப்பு வந்தபோது, யாரோ ஓர் அறுவை மருத்துவர் அதை மார்புச் சுவரிலிருந்து பிரித்து, இதயத்தோடு தைத்துவிட்டிருக்கிறார். மேசைக்குத் திரும்பி, பெரியவரின் இதயத்தை விரலால் தடவினாள். இருந்தது, தையலோடு.

“நல்லா பயமுறுத்திட்டீங்கய்யா,” என்று பெரியவரின் காதருகே குனிந்தாள். “ரொம்ப நன்றி.”

நான் சொல்லிவந்த கதை இந்த இடத்துக்கு வந்ததும், சாப்பிட வந்திருந்த அதே தோழி தட்டை நகர்த்தி வைத்தாள்.

“பாட்டி, கழுகுக் கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ கண்ண மூடிட்டு நின்னா. திரையில பார்த்துச் சொன்னது நானு. மேடமும் தானா வரல. இவதான் நேரா போய், ‘அவரோட குழாய நான் வெட்டிட்டேன், மத்தவங்க மார்க்கக் குறைக்காதீங்க’ன்னு சொன்னா. அதுக்கப்புறந்தான் அவங்க ஸ்கேனயே எடுத்தாங்க.”