பாசி சூப்

நியூ மோல்டனில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் ஒரு கொரியக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண் என் வகுப்பில் படித்தாள். எங்களுக்கு அப்போது பத்து வயது. நாங்கள் தோழிகளானதற்கு ஒரே ஒரு சொல்தான் காரணம். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அவள் தன் தகப்பனை "அப்பா" என்று கூப்பிட்டாள். யாருடனும் வாய் திறக்காத நான், அவளிடம் போய், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்று சொன்னேன்.

அவர்களுடைய பழமொழிகள் பெரும்பாலும் சாப்பாட்டில்தான் வந்து நிற்கும். எவ்வளவு அழகான மலையானாலும் சாப்பிட்ட பிறகே பார்க்க வேண்டும் என்பது ஒன்று. பலகாரம் வைத்திருப்பவர் கொடுக்க நினைக்கவேயில்லை, கேட்க வந்தவரோ அதற்குத் தொட்டுக்கொள்ளும் கிம்ச்சி ஊறுகாய்த் தண்ணீரை முதலே குடித்துவிட்டாராம் என்பது இன்னொன்று. கேட்டதை எல்லாம் வந்து அப்பாவிடம் சொல்வேன்.

"எங்களைப் போல சாப்பாட்டு ராமன்கள்தான் போல கிடக்கு" என்று அப்பா சிரிப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் அம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. மூச்சில்லாமல் பிறந்தது. அம்மா வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாங்கி வைத்திருந்த தொட்டிலை அப்பா கழற்றி அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தார். நோர்பரியில் இருந்த மாமி, பிள்ளை பிறந்ததும் பத்தியச் சரக்கு அரைத்துக்கொண்டு ஓடிவருவேன் என்று சொல்லியிருந்தார். வந்தது அவருடைய போன் மட்டும்தான். "இப்ப வந்து நான் என்னத்தைச் சொல்லுறது, அண்ணை? அவ கொஞ்சம் தேறட்டும்" என்று அவர் அப்பாவிடம் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. மற்றவர்கள் போன்கூடச் செய்யவில்லை. வீட்டில் நாங்களும் தம்பியைப் பற்றிப் பேசவில்லை. அம்மா சாப்பிடவும் இல்லை. அப்பா வைத்த பாணும் தேத்தண்ணியும் கட்டிலோரத்தில் அப்படியே ஆறிக் கிடந்தன.

மூன்றாம் நாள் பின்னேரம் தோழி மூடி போட்ட ஒரு பாத்திரத்தோடு கதவைத் தட்டினாள். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவோமா என்று முதல்நாளே கேட்டுவிட்டுப் போயிருந்தாள். இல்லை என்றதால், மட்டிச் சிப்பி போட்டுக் காய்ச்சிய சூப். பிள்ளை பெற்றவர்கள் இருபத்தொரு நாள் இதைக் குடிக்க வேண்டுமாம். பிறகு குரலைத் தாழ்த்தி, குழந்தை இல்லை என்று தன் அம்மாவுக்குத் தெரியும் என்றாள். ஆனாலும் உன் அம்மா பெற்றவர்தானே, அதையும் சொல்லிவிடு என்று சொல்லி அனுப்பினாராம்.

நான் தலையாட்டினேன். சூப்பை உள்ளே கொண்டுபோனேன். அந்தச் செய்தியைக் கொண்டுபோகவில்லை. வீட்டில் யாரும் பேசாததை நான் எப்படிப் பேசுவது?

அப்பா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உதென்ன, கடலடிப் பாசியை அள்ளிக் காய்ச்சி வைச்சிருக்கினம்?"

"சும்மா இருங்கோப்பா." மூன்று நாளுக்குப் பிறகு அப்போதுதான் அம்மாவின் குரலைக் கேட்டேன். "நல்லெண்ணெய் மணக்குது."

அம்மா எழுந்து உட்கார்ந்து குடித்தார். குடிக்கக் குடிக்கக் கண்ணீர் வழிந்தது. உறைப்பாக்கும் என்று நினைத்தேன். மிச்சத்தைக் குடித்த அப்பா, "உறைப்பைக் காணேல்லை, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். அதன்பின் ஒவ்வொரு பின்னேரமும் பாத்திரம் வந்தது. அம்மா பாதி குடிப்பார். வீணாக்கக் கூடாதென்று அப்பா மீதியைக் குடிப்பார்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளியிலிருந்து நடந்து வரும்போது, தன் அண்ணன் பாசி சூப் குடித்துவிட்டான் என்று தோழி சிரித்தாள். எனக்கு விளங்கவில்லை. அவன் டிரைவிங் டெஸ்டில் தோற்றுவிட்டானாம், அதை அவர்கள் மொழியில் அப்படித்தான் சொல்வார்களாம். பாசி வழுக்கும் அல்லவா? பரீட்சை வருகிறதென்றால் தங்கள் வீட்டில் அதைக் காய்ச்சவே மாட்டார்கள் என்றாள்.

வியாழக்கிழமை அப்பாவுக்குக் குரொய்டனில் இன்டர்வியூ. அகதிகளாக வந்த எங்களை இங்கே இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். அப்பா ஒரு வாரமாகக் கடிதங்களை மேசையில் பரப்பி வைத்து, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய பரீட்சை அது. அப்பாவோ நாலு நாளாகப் பாசி சூப் குடித்திருந்தார்.

அன்று பாத்திரம் வந்தபோது அம்மா நித்திரை. அப்பா பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். சூப்பைக் கழிப்பறையில் ஊற்றித் தண்ணீரை இழுத்துவிட்டேன். ஒரு நீளப் பாசி மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைக் கையால் எடுத்துக் குப்பைக்குள் போட்டேன். பாத்திரத்தைக் கழுவி மேலே கொண்டுபோய், அம்மாவுக்குச் சுகமாகிவிட்டது, இனி வேண்டாமாம் என்று தோழியிடம் சொன்னேன். அவளுடைய அம்மா பின்னால் வந்து வெறும் பாத்திரத்தைப் பார்த்தார். மகிழ்ந்துபோய் என் கன்னத்தைத் தடவினார்.

அப்பாவுக்கு விசா கிடைத்தது. என்னால்தான் கிடைத்தது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். எனக்கு மகள் பிறந்தபோது, அம்மா தன் கையாலேயே சரக்கு அரைத்து, நல்லெண்ணெய் விட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தார். அந்த மணம் வந்தபோதுதான், நான் சூப்பை ஊற்றிய மறுநாள், அந்தப் பழைய செவ்வாய்க்கிழமை, திரும்பி வந்தது.

அன்று பின்னேரம் அம்மா தானாகவே எழுந்து, தலையணையில் சாய்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூப் வரேல்லையோ, பிள்ளை?"

"இல்லை, அம்மா."

அம்மா கதவிலிருந்து கண்ணை எடுத்தார்.

"பிள்ளை இல்லையெண்டு அவைக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கும்" என்றார். "பாவம், ஏன் இனி எண்டு விட்டிருப்பினம்."

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்களுக்கு முதலிலேயே தெரியும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கட்டிலடியில் நின்று விரலை மடக்கிப் பார்த்தேன். இன்னும் இரண்டு நாள். அப்பா இனி வழுக்க மாட்டார்.