மைமூன் அக்கா கடையில் செல்லாத சொற்கள்

செய்தி முதல் பஸ்ஸில் மலையேறி வந்தது. நான் ஏணி சாத்தி மிளகுச் சரம் பறித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனுங்க, மைமூன் அக்கா விடியக்காலத்துல தவறிட்டாங்களாம்" என்றார். மத்தியானத்துக்குள் மலைமேலுள்ள ஆலத்தூர் நாட்டு ஊர்களிலிருந்தும் திண்ணனூர் நாட்டு ஊர்களிலிருந்தும் ஒரு லாரி நிறைய ஆட்கள் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டோம். பள்ளிவாசல் மையவாடியில் நாங்களும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். அழுதேன். ஆனால், ஜெயித்தவரை வழியனுப்புகிறோம் என்கிற பெருமையும் அந்த அழுகைக்குள்ளேயே இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் கணவர் லாரி ஓட்டினார். அடிவாரத்துக் கமிஷன் கடை அக்காவுடையது. மலையில் விளையும் மிளகும் காப்பியும் அங்கே இறங்கும். வெளியூர் ஏஜெண்டுகள் வந்து பார்த்து விலை பேசி எடுத்துப்போவார்கள். பேசுவார்கள் என்றா சொன்னேன்? அவர்கள் பேசுவார்கள், நாங்கள் கேட்டுக்கொள்வோம். ஒருவர் மூட்டையைப் பார்த்து "ஆவரேஜ்" என்பார். இன்னொருவர் "ஆர்டினரி" என்பார். மூக்கைச் சுளிக்கிறவர் "லோக்கல்" என்பார். அதற்கும் கீழே "செகண்ட்ஸ்", "இன்ஃபீரியர்", கடைசியில் "ரிஜெக்ட்". ஒவ்வொரு சொல்லுக்கும் விலை ஒரு படி இறங்கும். நாங்களும் தலையாட்டுவோம். இங்கிலீஷில் சொன்ன பிறகு எதிர்ப்பேச்சு ஏது?

இந்த விளையாட்டை முதலில் கண்டுபிடித்தவர் அக்காதான். நம் பேச்சிலும் மட்டமான சரக்குக்குச் சொற்கள் உண்டு. சொத்தை என்றால் பூச்சி தின்றது. பொக்கு என்றால் உள்ளே ஒன்றுமில்லாதது. பூசணம் என்றால் ஈரத்தில் கெட்டது. என்ன குறை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சொன்னவர் எடுத்துக் காட்டியாக வேண்டும். ஏஜெண்டுகளின் சொற்களில் குறை எதுவென்றே இருக்காது, கீழானது என்பது மட்டும் இருக்கும். "தமிழ்ல திட்டுனா காரணம் சொல்லோணும் சாமி. இவங்களுக்கு அந்தத் தொல்லையே இல்ல" என்பார் அக்கா.

அதனால் கடையில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். யாராவது "செகண்ட்ஸ்" என்று வாயெடுத்தால், முறத்தை எடுத்து அவர் முன்னால் வைத்து, "எதுங்க?" என்று கேட்பார். அவ்வளவுதான். சொன்னவர் உட்கார்ந்து குறையுள்ளதைப் பொறுக்கி முறத்தில் போடவேண்டும். முறத்தில் விழுந்ததற்கு அந்தப் பெயர், மூட்டையில் மிஞ்சியதற்கு நல்ல விலை.

எங்கள் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். நான் முதன்முதலில் கொண்டுபோன மூட்டையில் கையை விட்டு அளைந்துவிட்டு, "காம்பு இருக்குது, மண்ணு இருக்குது. மொளகு எங்க கண்ணு?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் வீட்டுக் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டு மாப்பிள்ளை ஒருவர், பிரியாணி "ஆவரேஜ்" என்று சொல்லிவிட்டார். அக்கா கரண்டியோடு போய் நின்று, "எதுங்க? உப்பா, வேக்காடா?" என்றார். மனிதர் அதற்குள் மூன்றாவது தட்டில் இருந்தார். பந்தியே சிரித்தது.

தொண்ணூற்றெட்டில் நான் நொந்துபோயிருந்தேன். முந்தின இரண்டு வருடமும் அவசரத்துக்கு வேறு கடைகளில் போட்டேன். இரண்டு முறையும் என் மிளகு "லோக்கல்" ஆகிவிட்டது. போதுமடா சாமி என்று, மிளகுக்கொடிகளை வெட்டிவிட்டு மரவள்ளி நடுவதாக முடிவு செய்தேன். பறித்ததைக் கடைசியாக அக்கா கடையில் இறக்கினேன். அன்றைக்குப் பார்த்துப் புதிதாக ஒரு ஏஜெண்ட் ஜீப்பில் வந்தார். ஒரு மூட்டையின் வாயை விரலால் நீக்கிப் பார்த்துவிட்டு, "ஓவரால் சப்-ஸ்டாண்டர்ட்" என்றார்.

"உடுங்கக்கா, குடுக்கறத வாங்கிக்கலாம். எப்படியும் அடுத்த வாரம் கொடியெல்லாம் வெட்டப்போறேன்" என்றேன்.

"வெட்டறதுன்னா வெட்டிக்கோ சாமி. எதுக்கு வெட்டறோம்னு தெரிஞ்சுக்கிட்டு வெட்டு" என்றவர், தார்ப்பாயில் மூட்டைகளைக் கொட்டச் சொன்னார். முறம் ஏஜெண்டின் முன்னால் போனது. "எதுங்க?"

அவர் சிரித்தார். "மேடம், அது பொதுவாச் சொல்றது."

"பொதுவா வெலையக் கொறைக்காதீங்க சார். எடுத்து வைங்க."

வேறு ஏஜெண்டுகளும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் உட்கார்ந்தார். கிளறினார். பூசணம் பிடித்தது கொஞ்சம் அகப்பட்டது. உலர்த்தும்போது களத்தின் ஒரு மூலை மழையில் நனைந்தது உண்மை. அக்கா அதை உள்ளங்கையில் வாங்கி முகர்ந்தார். "இது பூசணந்தான். இதுக்கு வெலையே வேண்டாம். இன்னும் எடுங்க." அவர் தேடினார். மிளகு நாலாபக்கமும் உருண்டது, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முறத்தில் ஒரு பிடிக்கு மேல் சேரவில்லை.

"மார்க்கெட்ல உங்க மலை மொளகுக்குப் பேரே அதுதான் மேடம்" என்று எழுந்தார்.

"பேரு வெக்கறது பெத்தவங்க வேலைங்க. வளத்தவரு இங்கதான் இருக்கறாரு" என்று அக்கா என்னைக் காட்டினார்.

அவர் விறுவிறுவென்று போய் ஜீப்பில் ஏறினார். ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்று எழுந்தேன். "உக்காரு. வேண்டாத சரக்குன்னா வண்டி இந்நேரம் கெளம்பியிருக்கும். நிக்குதா இல்லையா?" என்றார் அக்கா. நின்றது. டீ வந்தது, குடித்தோம். அப்போதும் நின்றது. பிறகு கதவு திறந்தது. மனிதர் உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், "ஃபர்ஸ்ட் குவாலிட்டியே போட்டுக்கலாம்" என்றார். கடையில் எழுந்த சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். யாரோ விசிலடித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா மட்டும் தராசைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

கொடிகளை நான் வெட்டவில்லை. அடுத்த பருவத்தில் மற்றக் கமிஷன் கடைகளிலும் முறம் வந்துவிட்டது. வைக்காத கடையில் மலைக்காரர் மூட்டையை இறக்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்வியைத்தான். எனக்கென்று என்று சொல்வதும் தப்பு. அடக்கம் முடிந்த மறுவாரம் எங்கள் களத்துக்கே ஒரு வியாபாரி வந்தார். காயும் மிளகைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "ஆவரேஜாத்தான் இருக்குது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், மைமூன் அக்காவை ஒருமுறைகூடப் பார்த்திராத என் மருமகள், இரண்டு கையாலும் மிளகை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எதுங்க?"